இல்லாத பட்டாளத்துக்கு ஒரு கையேடு!

அப்படி ஒரு பட்டாளம் உலகத்தில் இல்லை. அதில் சேர்ந்த சிப்பாய் ஒருவர்கூட இல்லை. அதன் துப்பாக்கியை எந்த நாட்டு ராணுவமும் வாங்கவில்லை. அது ஏறிச் செல்லும் கப்பல் எந்த நட்சத்திரத்துக்கும் போனது இல்லை.

ஆனால், அந்தப் பட்டாளத்துக்கு ஒரு கையேடு இருக்கிறது!

துப்பாக்கியின் அளவு என்ன? அதில் என்ன தோட்டா போட வேண்டும்? கவச வண்டி எப்படி ஓடும்? கப்பலில் என்னென்ன இருக்கும்? எல்லாம் படத்தோடும் கணக்கோடும் அதில் எழுதப்பட்டு இருக்கிறது.

புத்தகத்தின் பெயர், "ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் டெக்னிக்கல் மானுவல்". எழுதியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த லீ பிரிம்மிகோம்-வுட். 1995-ம் ஆண்டில் லண்டனில் வெளிவந்தது. 2012-ல் மறுபடியும் அச்சாயிற்று.

"ஏலியன்ஸ்" என்பது 1986-ல் வெளிவந்த ஆங்கில சினிமா. ஜேம்ஸ் கேமரூன் எழுதி, டைரக்ட் செய்தது. அதில் வருகிற பட்டாளத்துக்குத்தான் இந்தக் கையேடு.

இதைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். "இருக்கிற பட்டாளத்தைப் பற்றியே படிக்க நேரம் இல்லை. இல்லாத பட்டாளத்தைப் பற்றி ஒரு புத்தகமா? காசுக்குப் பிடித்த கேடு!" என்பார்கள்.

சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்தப் புத்தகம் ஒரு நல்ல பாடம் சொல்லுகிறது. வீட்டில் பிள்ளைகளை வைத்து இருக்கும் பெற்றோர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கதை என்ன?

1979-ல் "ஏலியன்" என்று ஒரு படம் வந்தது. ரிட்லி ஸ்காட் டைரக்ட் செய்தார். ஆகாயத்தில் செல்லும் ஒரு சரக்குக் கப்பலில் 7 பேர் இருக்கிறார்கள். ஒரு கொடிய ஜந்து கப்பலுக்குள் வந்துவிடுகிறது. கடைசியில் ரிப்ளி என்ற பெண் மட்டுமே தப்புகிறாள். அவளோடு ஒரு பூனையும் பிழைக்கிறது.

1986-ல் வந்த இரண்டாவது படம், அந்தக் கதையின் தொடர்ச்சி. ரிப்ளி 57 ஆண்டுகள் மயக்கத் தூக்கத்தில் மிதந்த பிறகு காப்பாற்றப்படுகிறாள். கண் விழித்துப் பார்த்தால், அந்த ஜந்து இருந்த கிரகத்தில் அறுபது எழுபது குடும்பங்கள் குடியேறி வாழ்கின்றன! சில நாளில் அங்கிருந்து தகவல் வருவது நின்றுவிடுகிறது. என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு சிறு படை புறப்படுகிறது. ரிப்ளியும் கூடப் போகிறாள்.

படையினர் சுமார் ஒரு டஜன் பேர். அவர்களிடம் இல்லாத ஆயுதம் இல்லை. வாய்ப் பேச்சுக்கும் குறைவு இல்லை. ஆனால் முதல் மோதலிலேயே பாதிப் பேருக்கு மேல் போய்விடுகிறார்கள். படம் முடியும்போது அந்தச் சிப்பாய்களில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். அவரும் படுகாயத்தோடு கிடக்கிறார்.

வியட்நாம் யுத்தம்தான் இந்தக் கதைக்குத் தூண்டுகோல் என்று கேமரூன் சொல்லி இருக்கிறார். பெரிய ஆயுதம் உள்ளவன், எதிரி யார் என்று தெரியாமல், எதிரியின் இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் கேள்வி.

படத்துக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவரின் பெயர், சிறந்த நடிகைக்கான பரிசுக்கும் பரிசீலிக்கப்பட்டது.

பழைய இரும்பில் புதிய பட்டாளம்!

அந்தப் பட்டாளத்தின் ஆயுதங்கள் எப்படித் தயாராயின என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும்.

படப்பிடிப்பு இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் நடந்தது. லண்டனில் மூடிக் கிடந்த ஒரு பழைய மின்சார நிலையத்திலும் சில காட்சிகளை எடுத்தார்கள்.

படத்தில் சிப்பாய்கள் வைத்து இருக்கும் துப்பாக்கி, எதிர்காலத்துத் துப்பாக்கி. ஆனால் அதன் உள்ளே இருந்தது, இரண்டாவது உலக யுத்த காலத்து "தாம்சன்" துப்பாக்கி! அதன் கீழே வேறொரு வேட்டைத் துப்பாக்கியின் பாகத்தைச் சேர்த்தார்கள். மேலே ஒரு புதுக் கூடு போட்டு மூடினார்கள். எத்தனை தோட்டா மிச்சம் என்று காட்டும் சிறு விளக்கு எண்களையும் வைத்தார்கள். அவ்வளவுதான். நூறு இரு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் துப்பாக்கி தயார்!

இன்னொரு பெரிய துப்பாக்கி, ஜெர்மனியின் பழைய "எம்.ஜி.-42" இயந்திரத் துப்பாக்கி. சினிமா காமிராவை ஆடாமல் தாங்குவதற்கு காமிராக்காரர்கள் உடம்பில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று உண்டு. அந்தப் பட்டையில் இந்தத் துப்பாக்கியை மாட்டி, நடிகர்களின் இடுப்பில் கட்டினார்கள்.

கவச வண்டி? அது விமான நிலையத்தில் ஆகாய விமானங்களை இழுத்துச் செல்லும் பெரிய டிராக்டர். அதற்கு வேறு உடுப்புப் போட்டார்கள்.

நடிகர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இங்கிலாந்து ராணுவத்தின் புகழ் பெற்ற எஸ்.ஏ.எஸ். பிரிவினர் இரண்டு வாரம் அவர்களைப் பழக்கினார்கள். சார்ஜெண்டாக நடித்த அல் மாத்யூஸ், வியட்நாமில் உண்மையிலேயே போர் புரிந்தவர். சிப்பாய்களாக நடித்தவர்கள் தங்கள் கவச உடைகளில் தாங்களே எழுதியும் வரைந்தும் கொண்டார்கள்.

ரிப்ளியாக நடித்தவரையும், படைக்குத் தலைமை தாங்கும் லெப்டினெண்டாக நடித்தவரையும் இந்தப் பயிற்சியில் சேர்க்கவில்லை. ஏன்? கதையில் இந்த இருவரும் சிப்பாய்களோடு ஒட்டாதவர்கள். அந்த ஒட்டாமை முகத்தில் தெரியவேண்டும் என்பதற்காகத்தான்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

படம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. படத்தில் ஒரு துப்பாக்கியைக் காட்டுவார்கள். இரண்டு வரி பேசுவார்கள். சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது 10 மில்லிமீட்டர் தோட்டா. அந்தத் தோட்டாவுக்குக் கூடு கிடையாது. கீழே 30 மில்லிமீட்டர் எறிகுண்டு வீசும் குழல் உண்டு. இவ்வளவுதான் படத்தில் வரும் தகவல்.

பிரிம்மிகோம்-வுட் இந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டார். கூடு இல்லாத தோட்டா என்றால் அது எப்படி வெடிக்கும்? துப்பாக்கி சூடானால் என்ன செய்வது? இந்த மாதிரிக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். உண்மையான ராணுவ விஷயங்களைக் கொண்டு பதில் எழுதினார். துப்பாக்கி, கவச உடை, வண்டி, விமானம், கப்பல் என்று வரிசையாகப் போகிறது புத்தகம்.

அவர் ராணுவ விஷயங்களை ஊன்றிப் படித்தவர். பின்னால் 2004-ல், வியட்நாம் யுத்தத்தின்போது ஹனோய் நகரின் மீது நடந்த ஆகாயச் சண்டையை வைத்து, மேஜை மீது ஆடும் ஒரு விளையாட்டையும் அவர் அமைத்தார்.

இம்மட்டோடு நின்று இருந்தால் இது ஒரு விலைப்பட்டியல் போல இருந்து இருக்கும். கடையில் கொடுக்கும் பட்டியலுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

ஆனால், புத்தகத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது. ஆயுதத்தைச் சுமந்து திரியும் சிப்பாய்கள் பேசுவது போல நடுநடுவே எழுதி இருக்கிறார். கருவி செய்தவர்கள் ஒன்று சொல்லுகிறார்கள். அதைக் கையில் பிடித்தவன் வேறொன்று சொல்லுகிறான். சிலர் புகழ்கிறார்கள். சிலர் முணுமுணுக்கிறார்கள்.

இந்த முணுமுணுப்புத்தான் இந்தப் புத்தகத்தின் உயிர்!

இதை எழுதாமல் விட்டு இருக்கலாம். ஆயுதங்களின் பெருமையை மட்டும் எழுதி இருந்தாலும் புத்தகம் விற்று இருக்கும். படத்தின் புகழே விற்றுக் கொடுத்து இருக்கும். எழுத்தாளர் அப்படிச் செய்யவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

38 தடவை இறங்கியவர்!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. படத்தில் அதற்கு ஓர் ஆள் இருக்கிறார். அவர்தான் லெப்டினெண்ட் கோர்மன். படையின் தலைவர்.

கிரகத்தில் இறங்கும் நேரத்தில் ரிப்ளி அவரைக் கேட்கிறாள்: இப்படி இறங்குவது உங்களுக்கு எத்தனையாவது தடவை? 38 என்கிறார் அவர். கேட்டவர்களுக்குத் தைரியம் வருகிறது. உடனே அவர் சொல்லுகிறார், அந்த 38-ம் பயிற்சி அறையில் நடந்த பொய் இறக்கங்கள் என்று! உண்மையான சண்டைக்கு இறங்கியது எத்தனை? இதையும் சேர்த்து இரண்டே இரண்டு!

சிப்பாய்களின் முகம் எப்படிப் போய் இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

பிறகு என்ன நடக்கிறது? கோர்மன் கவச வண்டிக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி உத்தரவு போடுகிறார். சிப்பாய்கள் ஒரு பெரிய நிலையத்தின் அடிப்பகுதிக்குள் போகிறார்கள். அங்கே போன பிறகுதான் ரிப்ளி ஒன்றைக் கவனிக்கிறாள். தலைக்கு மேலே, அணுசக்தி உலையைக் குளிர வைக்கும் குழாய்கள்! அந்தத் துப்பாக்கியால் சுட்டால் குழாய் உடையும். நிலையமே வெடித்துப் போகும்.

சுடக் கூடாது என்று உத்தரவு போகிறது. தோட்டாப் பெட்டிகளைச் சிப்பாய்களிடம் இருந்து வாங்கிவிடுகிறார்கள். உலகத்திலேயே சிறந்த துப்பாக்கி கையில் இருக்கிறது. அதற்குள் தோட்டா இல்லை. அந்த நேரம் பார்த்து ஜந்துக்கள் பாய்கின்றன!

கோர்மன் வாய் அடைத்து நிற்கிறார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்த ரிப்ளி, வண்டியைத் தானே ஓட்டிப் போய் மிச்சம் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறாள்.

தோட்டா 10 மில்லிமீட்டர் என்பது சரி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் எங்கே சுடலாம், எங்கே சுடக் கூடாது என்று அந்தக் கணக்கு சொல்லுமா? சொல்லாது. அதை அங்கே நிற்கும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் வென்றது எது?

படத்தின் முடிவில் ரிப்ளி, ஜந்துக்களின் ராணியோடு மோதுகிறாள். நியூட் என்ற சிறுமியைக் காப்பாற்றுவதற்காக. அப்போது அவள் எடுக்கும் ஆயுதம் என்ன?

அது ஆயுதமே அல்ல! மனிதன் உள்ளே நின்று இயக்கும், சுமை தூக்கும் இயந்திரம். பெட்டிகளைத் தூக்கி அடுக்குவதற்காகச் செய்தது. அதை ஓட்ட அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் பிழைப்புக்காகச் செய்த வேலை. படத்தின் தொடக்கத்திலேயே அவள் அதை ஓட்டிக் காட்டுகிறாள். சிப்பாய்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இங்கே வல்லவளுக்குச் சுமை இயந்திரம் ஆயுதம்!

உண்மையில் நடந்தது

"இதெல்லாம் சினிமாக் கதைதானே?" என்று கேட்கலாம். உண்மையான பட்டாளத்திலும் இதுபோல நடந்து இருக்கிறது.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு "எம்-16" என்ற புதிய துப்பாக்கி கொடுக்கப்பட்டது. லேசான துப்பாக்கி. அதிகம் துடைக்க வேண்டியது இல்லை என்ற பேச்சும் கூடவே பரவியது. போதுமான துடைக்கும் கருவிகளைக் கொடுக்கவில்லை. போதுமான பயிற்சியும் கொடுக்கவில்லை. தோட்டாவின் வெடிமருந்தையும் நடுவில் மாற்றினார்கள்.

விளைவு என்ன? சண்டையின் நடுவே துப்பாக்கி சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வரவில்லை. எதிரி எதிரே நிற்கும்போது, சிப்பாய் குச்சியை விட்டுக் குத்தி அதை வெளியே தள்ள வேண்டி இருந்தது. அதற்குள் எத்தனையோ பேருடைய உயிர் போயிற்று.

சிப்பாய்கள் தங்கள் வீடுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். "எங்கள் துப்பாக்கி சுடவில்லை" என்று அழுதார்கள். பெற்றோர்கள் அந்தக் கடிதங்களைத் தங்கள் தொகுதிப் பிரதிநிதிகளிடம் கொண்டு போனார்கள். 1967-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு குழுவைப் போட்டு விசாரித்தது. குறைகள் வெளியே வந்தன. தோட்டா வெடிக்கும் அறைக்குக் குரோமியம் பூச்சுப் போட்டார்கள். துடைக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். புதிதாக ஒரு கையேடு அச்சிட்டார்கள். பெரிய பெரிய வார்த்தைகள் போட்டு எழுதவில்லை. வில் ஐஸ்னர் என்ற புகழ் பெற்ற சித்திரக்காரரைக் கொண்டு, வண்ணச் சித்திரக் கதை போல எழுதினார்கள். துப்பாக்கியை எப்படித் துடைப்பது, எங்கே எண்ணெய் போடுவது என்று சாதாரணச் சிப்பாயும் படித்து விளங்கிக்கொள்ளும்படி இருந்தது அது.

கையில் பிடித்தவனுடைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அதன் பிறகுதான் துப்பாக்கியும் திருந்தியது, கையேடும் திருந்தியது. முதலிலேயே கேட்டு இருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்து இருக்கும்!

இல்லாத பட்டாளத்தின் கையேட்டில் சிப்பாயின் முணுமுணுப்பு இருக்கிறதே, அதன் பொருள் இப்போது விளங்கும்.

பெற்றோர்கள் சொல்லும் குறை

"ஆயுதத்தைப் பற்றிப் படித்தால் பிள்ளைகளுக்கு ஆயுத ஆசை வராதா?" இது நியாயமான கேள்வி. தள்ளிவிடக் கூடாது.

ஆசை வரத்தான் செய்யும். படம் போட்டு, அளவு போட்டு, அழகாகக் காட்டினால் எந்தப் பொருள் மீதும் ஆசை வரும். இந்தப் புத்தகத்திலும் அந்த ஆபத்து உண்டு. முணுமுணுப்பைத் தாண்டிவிட்டு எண்களை மட்டும் படிக்கிறவர்களுக்கு அது வெறும் ஆயுதப் பட்டியல்தான்.

படமும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது அல்ல. இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது, 18 வயது நிரம்பியவர்கள்தான் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படி இருந்தும், 1992-ல் அமெரிக்காவில் இந்தப் படத்தின் சிப்பாய்களையும் ஜந்துக்களையும் பிளாஸ்டிக் பொம்மைகளாகச் செய்து குழந்தைகளுக்கு விற்றார்கள்!

பொம்மைச் சிப்பாய் சாகமாட்டான். கீழே விழுந்தால் எடுத்து நிறுத்தலாம். அவனுடைய துப்பாக்கி சிக்கிக்கொள்ளாது. அவன் யாரிடமும் குறை சொல்லமாட்டான். ஆயுத ஆசையை வளர்ப்பது இந்த மாதிரிப் பொம்மைதான். "இது கனக்கிறது, இது சரியாக வேலை செய்யவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சிப்பாய் வாய் திறந்து சொன்னால், அந்த ஆசை பாதி அடங்கிவிடும்.

எனவே, வளர்ந்த பிள்ளை இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால் பிடுங்க வேண்டாம். எரிக்கவும் வேண்டாம். இன்னொரு நன்மையும் இருக்கிறது. பாடப் புத்தகத்தைத் தொடாத பையன்கூட, தனக்குப் பிடித்த துப்பாக்கியைப் பற்றி என்றால் பத்துப் பக்கம் படிப்பான். படிக்கும்போது உஷ்ணம், எடை, வேகம் எல்லாம் அவனுக்குத் தெரியாமலே மண்டையில் ஏறும்.

ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து சில கேள்விகள் கேட்க வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் யார்? அவனிடம் யாராவது கேட்டார்களா? இது சிக்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான்? உத்தரவு போடுகிறவர் எங்கே இருக்கிறார்?

இந்தக் கேள்விகள் துப்பாக்கிக்கு மட்டும் உரியவை அல்ல. புதிய தையல் இயந்திரம் வாங்கும்போதும், வயலுக்குப் புதிய மருந்து வாங்கும்போதும், கூடவே ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். அந்தக் காகிதம் பெருமையைச் சொல்லும். குறையைச் சொல்லுவது, அதை ஒரு வருஷம் உபயோகித்த பக்கத்து வீட்டுக்காரர்தான். காகிதத்தையும் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும்.

அந்தப் படத்தில் ஓர் அருமையான காட்சி உண்டு. ஹிக்ஸ் என்ற சிப்பாய், ரிப்ளிக்குத் துப்பாக்கியைச் சொல்லிக் கொடுக்கிறான். எப்படித் தோளில் வைப்பது, எப்படித் தோட்டா போடுவது என்று காட்டுகிறான். எறிகுண்டு வீசும் குழலை மட்டும் சொல்லாமல் விடப் பார்க்கிறான். அது அவளுக்குத் தேவைப்படாது என்பது அவன் எண்ணம்.

ரிப்ளி விடவில்லை. தொடங்கியது நீங்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிறாள்.

அவள் தெரிந்துகொண்ட அந்தப் பாடம், பிறகு சிறுமி நியூட்டின் உயிரைக் காப்பாற்ற உதவுகிறது.